வன்னிக் காட்டோரத்தில் ஓகஸ்ட் விடுமுறை: எந்த வீட்டில் தங்குவது?

சித்திரை வருடப்பிறப்பு கழிந்த கையோடு எனக்கு ஒரே கேள்வி வரத் தொடங்கும். ரொறன்ரோவில் இருக்கிற மச்சானும் கேட்பார், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் மாடிக்கு மேல் குடியிருப்பவரும் கேட்பார். “பிள்ளைகளுக்கு ஓகஸ்டில் விடுமுறை. வன்னியில் காட்டோரமாக ஒரு வீட்டில் இரண்டு கிழமை இருக்க வேண்டும். எங்கே தங்கலாம்?”

கேட்கிறவர்களின் மனதில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது. முற்றத்தில் பாலை மரம், பக்கத்தில் கிணறு, விறாந்தையில் கட்டில், விடியற்காலையில் மயில். படம் பொய்யில்லை. ஆனால் அந்தக் கிணற்றில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதும், கட்டில் உங்களுக்குப் போனால் வீட்டுக்காரர் எங்கே படுப்பார் என்பதும் படத்தில் தெரியாது.

இலங்கையின் வடக்கே இருக்கும் வன்னியில் தங்க வழக்கமாக நான்கு வழிகள் இருக்கின்றன: பூட்டிக் கிடக்கும் சொந்த வீட்டைத் திறப்பது, ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் தங்குவது, காட்டோர விடுதி ஒன்றில் அறை எடுப்பது, யாழ்ப்பாணம் போகும் ஏ9 நெடுஞ்சாலையோரச் சந்தி ஒன்றில் வீடு வாடகைக்கு எடுத்துப் பகலில் போய்வருவது. நான்கிலும் நான் இருந்து பார்த்திருக்கிறேன். வாடகைத் தொகை எதையும் இங்கே எழுதவில்லை. எழுதிய மை காயும் முன் அது மாறிவிடும்.

## எதை வைத்துத் தீர்மானிப்பது

தண்ணீர். வன்னிக்கு மழை வாடைக்காற்றோடு, அதாவது வடகிழக்குப் பருவக்காற்றோடு, வருவது. ஐப்பசியில் பிடித்தால் மார்கழி, தை வரை பெய்யும். வைகாசியில் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் நிலம் காயத் தொடங்கிவிடும். நீங்கள் வருகிற ஓகஸ்டில் குளத்துத் தண்ணீர் சிறுபோக (கோடைகால நெற்செய்கை) வயல்களுக்குப் போய் முடிகிற கட்டத்தில் இருக்கும். குளம் இறங்க, அதை அண்டிய கிணறுகளும் இறங்கும். ஆகவே யாராவது தைமாதத்தில் எடுத்த கிணற்றுப் படத்தை அனுப்பினால் அதை நம்பி டிக்கெட் போடாதீர்கள். ஐந்து பேர் மோட்டார் போட்டு இரண்டு நேரமும் குளித்தால் மூன்றாம் நாள் கலங்கல் தண்ணீர் வருகிற கிணறுகள் பல உண்டு. குடிக்கும் தண்ணீர் வேறு கணக்கு. பல இடங்களில், குறிப்பாக வவுனியாப் பக்கத்தில், தண்ணீர் கடினமானது; கேத்தலின் அடியில் படிகிற வெள்ளையைப் பார்த்தாலே தெரியும். கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், உப்பு முழுவதும் போகாது. வடிகட்டிய தண்ணீர் கிடைக்கும் இடம் எவ்வளவு தூரம் என்று கேட்டு வையுங்கள்.

இரவு. வெளியில் இருந்து வருகிறவர்கள் யானைக்குப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியதுதான், மாலை ஆறரைக்குப் பிறகு காட்டு வீதிகளில் மோட்டார் சைக்கிளில் திரிவதை ஊர்க்காரர்களே தவிர்ப்பார்கள். ஆனால் வீட்டுக்குள் தங்குகிறவர் அதைவிடக் கவனிக்க வேண்டியது பாம்பு. புடையனை (கண்ணாடி விரியன்) வயல் வரம்பிலும் விறகு அடுக்கிலும் அந்திப் பொழுதில் பார்க்கலாம்; செருப்பும் டோர்ச்சும் இருந்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம். கட்டுவிரியன் அப்படியில்லை. அது இரவில் வீட்டுக்குள் வந்து, தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைக் கடிக்கும். கடித்த இடம் அவ்வளவாக நோகாது, வீங்காது. எறும்பு என்று நினைத்துத் திரும்பப் படுத்தவர்கள் உண்டு. சில மணி நேரத்தில் கண் இமைகள் தாமாகவே விழத் தொடங்கும், பிறகு மூச்சு. கட்டிலும், விளிம்பை மெத்தைக்கடியில் செருகிய நுளம்பு வலையும் இருந்தால் இந்தப் பயத்தில் பெரும்பகுதி நீங்கிவிடும். மலேரியா இப்போது பழைய கதை. 2016 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றளித்தது. டெங்கு பழைய கதை ஆகவில்லை. அந்த நுளம்பு பகலில் கடிப்பது; பகலில் படுத்தாலும் வலை வேண்டும்.

ஆஸ்பத்திரி. வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவு, மாங்குளம் ஆகிய இடங்களில் அரசாங்க ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. விஷக்கடி மருந்துக்கு அங்கே பணம் கேட்க மாட்டார்கள். அம்புலன்சுக்கு 1990. வரைபடத்தில் காட்டும் கிலோமீற்றரை விட்டுவிட்டு, கிறவல் பாதையில் இரவு பதினொரு மணிக்கு எத்தனை நிமிடம் பிடிக்கும் என்று கேளுங்கள்.

நிலம். 2009 இல் போர் முடிந்தாலும் மிதிவெடி அகற்றும் வேலை நீண்டுகொண்டே போயிற்று. மிதிவெடித் தடை பற்றிய ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்ததே 2017 டிசம்பரில்தான். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை நிற்கும் பக்கம் போகாதீர்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். பலகை இல்லாத காட்டிலும் ஊர்ச்சனம் நடந்து தேய்ந்த ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்காதீர்கள். பிள்ளைகளுக்கு இதை விமானத்தில் வைத்தே சொல்லிவிடுங்கள்.

யார் செலவழிக்கிறார்கள். இதை யாரும் என்னிடம் கேட்பதில்லை. நான்கு வழிகளும் உண்மையில் பிரிவது இந்த இடத்தில்தான் என்பதால் கீழே திரும்பத் திரும்ப இதற்கே வருவேன்.

## பூட்டிக் கிடக்கும் சொந்த வீடு

ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடைப்பட்ட பகுதியில் எங்களுக்கு ஒரு வளவு இருக்கிறது. மீளக்குடியேற்றத்துக்குப் பிறகு அப்பா ஓட்டு வீடு ஒன்றைக் கட்டினார், நான்கு வருடம் இருந்தார், பிறகு நோய்வாய்ப்பட்டுக் கொழும்புக்கு வந்துவிட்டார். “சொந்த வீடு இருக்கிறது, ஏன் பிறர் வீட்டுக்குப் போக வேண்டும்?” என்று நினைத்து ஒரு ஓகஸ்டில் பதினான்கு நாள் விடுப்போடு போய்ப் படலையைத் திறந்தேன்.

குரங்குகள் கூரையில் ஓடி விளையாடி இருபது ஓடுகளுக்கு மேல் உடைத்திருந்தன. குசினிச் சுவரில் கறையான் புற்று என் இடுப்பளவுக்கு எழும்பியிருந்தது. மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்தது, நிலுவையைக் கட்டிய பிறகும் எலி கடித்த வயரை மாற்றாமல் இணைப்புத் தர முடியாது என்றார்கள். நியாயம்தான். கிணற்றை எட்டிப் பார்த்தபோது தண்ணீருக்கு மேல் மரநாய் ஒன்று ஊதி மிதந்தது. அதை எடுத்து, கிணற்றைக் கலக்கி இறைத்து, ஊறவிட்டு, மறுபடி இறைத்து, குளோரின் போட்டு, மணம் போகும் வரை காத்திருக்க நான்கு நாள் ஆயிற்று. ஆறாம் நாள் மாலைதான் என் பிள்ளைகள் அந்தக் கிணற்றில் முதல் வாளி தண்ணீர் அள்ளினார்கள். அதுவரை அயலவர் வீட்டுக் கிணற்றில்தான் குளியல். அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை; ஆனால் அவர்களுடைய மிளகாய்க் கன்றுகளுக்கு அந்த ஆறு நாளும் ஒருநேரத் தண்ணீர்தான் கிடைத்தது.

மறைவான செலவுகள் ஓடு, வயரோடு முடிவதில்லை. நீங்கள் போன பிறகும் வீட்டைப் பார்க்க ஒருவர் வேண்டும். அவருக்கு மாதாமாதம் ஏதாவது கொடுக்க வேண்டும். ஆளில்லாத வளவுக்குள் காடு வந்துவிடும். அப்படி வளர்ந்த முதிரையையும் பாலையையும் உங்கள் காணி என்பதற்காகத் தறித்துவிட முடியாது. கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்காமல் கத்தி வைக்காதீர்கள். எல்லைக்கல் எங்கே நிற்கிறது என்பதையும் ஒருமுறை நடந்து பாருங்கள். காட்டோரக் காணிகளில் வன இலாகாவின் கல் உங்கள் வேலிக்கு உள்ளேயும் இருக்கலாம்.

ஒரு மாதத்துக்கு மேல் இருக்கப் போகிறீர்கள், அடுத்த வருடமும் வருவீர்கள், உங்களுக்கு முன்னே மூன்று கிழமை போய் நின்று வேலை செய்விக்க ஒரு ஆள் இருக்கிறார் என்றால் இந்த வழி நல்லது. இரண்டு கிழமைக்கு வேண்டாம். விடுமுறை முழுவதும் மேசனுக்குப் பின்னால் போய்விடும்.

## உறவினர் வீடு

பெரும்பாலானவர்கள் தெரிவு செய்வது இதைத்தான். காரணம் கேட்டால் “செலவில்லை” என்பார்கள். அங்கேதான் எனக்கு வாதம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் அது நிறைய இருக்கிறது. ஆள் குடியிருக்கும் வீட்டில் கிணறு பாவனையில் இருக்கும், முற்றம் கூட்டியிருக்கும், நாய் இருக்கும். நாய் எந்த மின்வேலியையும் விட நல்ல காவல். யானை வந்தால் அதன் குரைப்பே வேறு. எந்த மரத்தின் பாலைப்பழம் இனிக்கும், எந்தப் பக்கம் கரடி வரும், குளத்தில் எந்தத் துறையில் ஊர்ச்சனம் குளிக்கும், எந்தப் பக்கத்தில் முதலை கிடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஆடி முடிவில் போனால் கடைசிப் பாலைப்பழம் கொஞ்சம் கிடைக்கலாம். என் மகள் ஒரு சிரட்டை நிறையத் தின்றுவிட்டு உதடு இரண்டும் ஒட்டிப் போய் அழத் தெரியாமல் நின்றாள். நாங்கள் தங்கியிருந்த வீட்டு மாமி சிரித்துக்கொண்டே தேங்காயெண்ணெய் தடவிவிட்டார். எந்த விடுதியிலும் இது கிடைக்காது. எருமைத் தயிர், குரக்கன் பிட்டு, குளத்து விரால், நந்திக்கடல் இறால் என்று சாப்பாட்டுப் பக்கத்தையும் நான் விரிக்கத் தேவையில்லை.

இப்போது மற்றப் பக்கம். மீளக்குடியேறியவர்களின் வீடுகளில் பெரும்பகுதி வீட்டுத்திட்டங்களில் கட்டியவை: இரண்டு அறை, ஒரு மண்டபம், ஒரு குசினி. அதில் ஏற்கெனவே நான்கைந்து பேர் இருக்கிறார்கள். நீங்கள் நால்வர் போனால் ஒரு அறையும், பெரும்பாலும் இரண்டு அறையும், உங்களுக்கு வரும். கட்டிலும் வலையும் உங்களுக்கு வரும். அவர்கள் விறாந்தையில் பாய் போடுவார்கள். மேலே கட்டுவிரியனைப் பற்றி எழுதியதை இந்த இடத்தில் ஒருமுறை திரும்பப் படியுங்கள். நீங்கள் கொண்டுவருகிற ஆபத்தை அவர்கள் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொள்கிறார்கள்.

அடுத்தது காசு. மாமி வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டுப் புறப்படுகிற அன்று காலை, பிள்ளைகளுக்குப் பிஸ்கட் வாங்கச் சந்திக் கடைக்குப் போனேன். கடைக்காரர் சில்லறை எடுக்க உள்ளே திரும்பினார். மேசையில் கடன் கொப்பி விரிந்து கிடந்தது. மாமியின் பெயர் மேலே. அதன் கீழே நாங்கள் வந்து இறங்கிய திகதியில் இருந்து ஒரே கையெழுத்தில் வரிசையாக: கோழி, பால்மா, சோடா பெரியது இரண்டு, கோழி, முட்டை, நுளம்புத்திரி, மலசலகூடத்துக்கு வாளி, கோழி. எங்களுக்கு முன்னைய மாதத்தின் கணக்கு அரைப் பக்கம்கூட இல்லை. சீனி, தேயிலை, மண்ணெண்ணெய், அவ்வளவுதான். எங்கள் பத்து நாள் ஒன்றரைப் பக்கம் ஓடியிருந்தது. முதல் நாள் இரவு நான் நீட்டிய பணத்தை மாமி கையால் தள்ளி, “தம்பி, என்னை அந்நியப்படுத்தாதே” என்று சொல்லியிருந்தார். நானும் நல்ல பிள்ளையாகப் பையில் வைத்துவிட்டேன்.

அன்று கொப்பியைத் தீர்த்துவிட்டுத்தான் போனேன். கடைக்காரர் வியப்படையவில்லை. “வெளியில் இருந்து வருகிறவர்கள் போன பிறகு இந்தக் கடன் அறுவடை வரைக்கும் இழுபடும், அண்ணை” என்று மட்டும் சொன்னார்.

அறுவடை என்றதும் இன்னொன்று. ஓகஸ்ட் பல இடங்களில் சிறுபோக வேலை நெருக்கும் காலம். விருந்தாளி வந்தால் மாமா ஒரு நாள் வயலுக்குப் போகாமல் நிற்பார். அந்த ஒரு நாளில் வெட்டு இயந்திரம் பக்கத்து வயலுக்குப் போய்விடும். இதெல்லாம் உங்கள் பயணக் கணக்கில் வராத செலவு, ஆனால் யாரோ ஒருவருடைய கணக்கில் ஏறுகிற செலவு.

உறவினர் வீட்டுக்குப் போவதே பிழை என்று சொல்ல வரவில்லை. முறை உண்டு. பணத்தைக் கையில் நீட்டாதீர்கள், வாங்க மாட்டார்கள். வந்த அன்றே கடைக்குப் போய் “இந்தக் கிழமைக் கணக்கு என்னுடையது” என்று சொல்லிவிடுங்கள். கொழும்பில் இருந்தே மடிப்புக் கட்டிலும் வலையும் ஆளுக்கு ஒன்று வாங்கி வாருங்கள். போகும்போது விட்டுவிட்டுப் போங்கள். வயது போனவர்களோடு வராதீர்கள். இரவில் டோர்ச்சோடு முற்றத்தைக் கடந்து மலசலகூடத்துக்குப் போக வேண்டியிருக்கும். மூன்று நான்கு நாள் அளவானது. ஒரு கிழமைக்கு மேல் என்றால் நீங்கள் உதவிக்கு ஒரு ஆளை அமர்த்தியாக வேண்டும்.

## காட்டோர விடுதி

இவை அதிகமில்லை. வவுனியா, மன்னார்ப் பக்கங்களிலும் கிளிநொச்சியை அண்டியும் சில இருக்கின்றன. முல்லைத்தீவின் உட்காட்டுப் பக்கம் குறைவு. நல்லதாக ஒன்று அமைந்தால் வலை, ஓடும் தண்ணீர், இணைந்த மலசலகூடம், வாகனம் எல்லாம் ஆயத்தமாக இருக்கும். முதல் தடவையாகப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்களுக்கும், ஊரில் உறவு எவரும் மிஞ்சாதவர்களுக்கும் இதுதான் பொருத்தம். காசு கொடுப்பவர் நீங்கள், வாங்குபவர் அவர். மனக்கணக்கு எதுவும் இல்லை.

விளம்பரத்தில் போடுகிற தொகை அறைக்கு மட்டும். ஏசி போட்டால் ஒரு விலை, ஜெனரேட்டர் ஓடினால் ஒரு விலை, சந்தியில் இருந்து ஏற்றி வர ஒரு விலை. சாப்பாட்டுக்கு வேறு வழி இல்லாத இடம் என்பதால் அவர்கள் சொன்னதே விலை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று ஒருமுறை கேட்டேன். ஓகஸ்டில் பவுசரில் (தண்ணீர் லொறி) வருகிறதாம், குளத்தில் இருந்து. அதே குளத்துக் கிணறுகளில் ஊர்ச்சனம் வாளி கட்டிக் காத்திருக்கிறது. அன்று நீச்சல் தொட்டியில் இறங்க எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் இறங்கினார்கள்; அவர்களைத் தடுக்கவும் மனம் வரவில்லை.

இரண்டு எச்சரிக்கை. “காட்டு இறைச்சி இருக்கிறது” என்று யாராவது தாழ்ந்த குரலில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மான், மரை வேட்டையும் விற்பனையும் சட்டப்படி குற்றம். சோளகம் ஊதும் மாதத்தில் காட்டோரத்தில் “கேம்ப் ஃபயர்” மூட்டித் தருகிற விடுதி என்றால், நடத்துகிறவருக்கு இந்த ஊரைத் தெரியாது என்று பொருள்.

## சந்தியில் வாடகை வீடு

மாங்குளம், கிளிநொச்சி, வவுனியா. மூன்றுமே ஏ9 வீதியில், மூன்றிலும் ரயில் நிலையம், மூன்றிலும் ஆஸ்பத்திரி. நீரிழிவு, இருதய நோய் உள்ள பெற்றோரோடு வருகிறீர்கள் என்றால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றுமில்லை, இங்கே தங்குங்கள்.

மூன்றிலும் நான் மாங்குளத்தையே சொல்வேன். சின்னச் சந்திதான், ஆனால் அங்கிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற சுமார் 50 கிலோமீற்றர் வீதியில்தான் ஒட்டுசுட்டான் தான்தோன்றீஸ்வரர் கோயிலும், கற்சிலைமடுவில் வன்னியின் கடைசி மன்னன் பண்டாரவன்னியன் நினைவுக்கல்லும் இருக்கின்றன. முத்தையன்கட்டுக் குளமும் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலும் அந்தப் பக்கம்தான். வடக்கே திரும்பினால் முறிகண்டிப் பிள்ளையார்; தேங்காய் உடைத்து, சுடச்சுடக் கச்சான் வாங்கிக்கொண்டு இரணைமடுவுக்குப் போகலாம்.

மறைவான செலவு வாகனம். பதினான்கு நாளும் வானும் சாரதியும் என்றால் வாடகையை விட அது கூட வரும். ஓகஸ்ட் 15 மடு மாதா கோயில் திருவிழாவை ஒட்டிய நாட்களில் வவுனியாவிலும் மன்னாரிலும் அறை, வாகனம் இரண்டுமே கிடைப்பது அரிது; யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவும் அதே காலத்தில் வந்துவிடுவதால் ஏ9 முழுவதும் நெருக்கம். முன்பே பதிந்துவிடுங்கள்.

இன்னொரு இழப்பைக் காசில் சொல்ல முடியாது. காடு பகல் பத்து மணிக்கு ஒன்றுமில்லை. வெயிலும் புழுதியும் காய்ந்த இலையும்தான். காடு இருப்பது விடியற்காலை நாலரைக்கு. முதலில் காட்டுக்கோழி, பிறகு மயில், பிறகு எங்கோ ஒரு செண்பகம், அதற்குள் சோளகம் சற்று அடங்கிய குளிர். சந்தி வீட்டில் அந்த நேரத்தில் கேட்பது லொறியின் ஹோர்ன்.

## ஒரு பார்வையில்

| | ஓகஸ்டில் தண்ணீர் | இரவு | மறைவான செலவு | யார் தலையில் | பொருந்தும் காலம் |
|---|---|---|---|---|---|
| சொந்த வீடு | முதலில் இறைக்க வேண்டும் | ஆளில்லாத வளவு, கவனம் | திருத்தம், காவல் ஆள் | நீங்கள், கொஞ்சம் அயலவர் | ஒரு மாதத்துக்கு மேல் |
| உறவினர் வீடு | உண்டு, அளவோடு | நாய் உண்டு, கட்டில் போதாது | கடைக் கொப்பி, வயல் வேலை | வீட்டுக்காரர் | 3–4 நாள் |
| விடுதி | பவுசர் வரும் | வலை, வெளிச்சம் உண்டு | ஏசி, சாப்பாடு, ஏற்றி இறக்கல் | நீங்கள், தண்ணீருக்கு ஊர் | 2–5 நாள் |
| சந்தி வீடு | பெரும்பாலும் பிரச்சினை இல்லை | பயம் குறைவு | வாகனம் | நீங்கள் | 1–2 கிழமை |

## இந்த முறை நாங்கள்

மாங்குளத்தில் பத்து நாளுக்கு ஒரு வீடு பேசியிருக்கிறேன். கடைசி நான்கு நாள் மாமி வீட்டில். அம்மா அந்த நான்கு நாளும் மாங்குளத்திலேயே என் தங்கையோடு இருப்பார்; அவருக்கு இரவில் இரண்டு தடவை எழும்ப வேண்டும். இரண்டு மடிப்புக் கட்டிலும் நான்கு வலையும் வாங்கி வைத்திருக்கிறோம்.

போன கிழமை மாமிக்குத் தொலைபேசி எடுத்தேன். சுகம் விசாரித்த பிறகு, “கிணற்றில் எத்தனை வளையம் தண்ணீர் நிற்கிறது, மாமி?” என்று கேட்டேன். வரும்போது சொல்லாமல் வரலாமே, இதென்ன புதுக் கேள்வி என்று முதலில் கொஞ்சம் சினந்தார். பிறகு வாளியோடு போகிற சத்தம் கேட்டது. கப்பி கிறீச்சிட்டது.

“இப்போது நாலரை. நீங்கள் வருகிறபோது இரண்டு நிற்கும். குடிக்கவும் சமைக்கவும் போதும். குளிக்கக் குளத்துக்குப் போகலாம், பெரிய துறையில் இன்னும் தண்ணீர் கிடக்கிறது. மோட்டார் மட்டும் போட வேண்டாம், தம்பி.”

சரி என்றேன். “கடைக்கு முதலே போய்விடாதே” என்றும் சொன்னார். கடைக்காரர் சொல்லிவிட்டார் போலும்.